300 மி.கி.யிலிருந்து 145 மி.கி.க்கு: ஃபெனோஃபைப்ரேட் மாத்திரை சிறுத்த விதம்

ஃபெனோஃபைப்ரேட் 1970களின் நடுவில் பிரான்ஸில் விற்பனைக்கு வந்தது. ரத்தத்தில் டிரைகிளிசரைடு கொழுப்பைக் குறைக்கும் மருந்து. அந்தக் காலத்தில் ஒரு நாளைக்கு 300 மி.கி. சாப்பிட வேண்டியிருந்தது. பிறகு 200 மி.கி. போதும் என்றார்கள். அப்புறம் 160. 2004ல் வந்த மாத்திரையில் 145 மி.கி.தான் இருந்தது. மூலக்கூறில் ஓர் அணுகூட மாறவில்லை. உடலுக்குள் அது செய்யும் வேலையும் மாறவில்லை. மாறியது மருந்துத் தூளைத் தயாரித்த விதமும் அதோடு சேர்த்த பொருள்களும் மட்டுமே.

கரையாத மருந்துகளோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து கிடையாது. ஒரே மருந்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு புதுத் தடை, அதற்கு ஒரு தீர்வு. துகளைப் பொடியாக்கினால் வேகமாகக் கரையும் என்பதை யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். பொடியாக்கிய துகள் குடலுக்குப் போய்ச் சேரும்போதும் பொடியாகவே இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இந்த மருந்தின் கதை முழுக்க அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் நடக்கிறது.

மருந்தின் குணம்

ஃபெனோஃபைப்ரேட் ஒரு எஸ்டர், அதாவது ஓர் அமிலமும் ஆல்கஹாலும் இணைந்த சேர்மம். மூலக்கூறு எடை சுமார் 361, உருகுநிலை 80 டிகிரி செல்சியஸை ஒட்டி. அமிலமும் இல்லை, காரமும் இல்லை. அதனால் வயிற்றின் பிஎச் மாறினாலும் கரைதிறன் மாறாது. உப்பாக மாற்றிக் கரைக்கலாம் என்ற வழியும் அடைபட்டிருக்கிறது. எண்ணெயை விரும்பும், தண்ணீரைக் கண்டால் ஒதுங்கும்.

எவ்வளவு ஒதுங்கும்? ஒரு மில்லிலிட்டர் தண்ணீரில் ஒரு மைக்ரோகிராம்கூடக் கரையாது. அப்படியானால் 145 மி.கி. மருந்தைக் கரைக்க 145 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். 1995ல் வகுத்த உயிர்மருந்தியல் வகைப்பாட்டில் ஒரு மருந்தை ‘நன்றாகக் கரைவது’ என்று சொல்ல, அதன் முழு அளவும் 250 மில்லிலிட்டரில், அதாவது ஒரு டம்ளர் தண்ணீரில் கரைய வேண்டும். ஒரு டம்ளருக்கும் 145 லிட்டருக்கும் உள்ள தூரம்தான் நம் பிரச்சினையின் அளவு.

மறுபக்கம் ஒரு நல்ல செய்தி உண்டு. கரைந்துவிட்டால் போதும், குடல்சுவரை எளிதாகக் கடந்துவிடும். இதை இரண்டாம் வகை மருந்து என்பார்கள்: கரைவது கடினம், ஊடுருவுவது சுலபம். கடந்த பிறகு உடலின் எஸ்டரேஸ் நொதிகள் அதை ஃபெனோஃபைப்ரிக் அமிலமாக உடைத்துவிடும். வேலை செய்வது அந்த அமிலம்தான். ரத்தத்தில் ஃபெனோஃபைப்ரேட்டை அப்படியே பார்க்க முடியாது.

ஊடுருவுவது சுலபம் என்பது வெறும் தகவல் இல்லை. கரைந்த ஒவ்வொரு துளியையும் குடல் உடனுக்குடன் எடுத்துக்கொள்வதால் முழு மருந்தும் ஒரே நேரத்தில் கரைந்து நிற்க வேண்டிய அவசியமில்லை. 145 லிட்டர் தண்ணீரும் தேவையில்லை. சிறுகுடலில் மருந்து பயணிக்கும் சில மணி நேரத்துக்குள் துகள்கள் போதிய வேகத்தில் கரைந்துகொண்டே இருந்தால் சரி. வேகம் போதாவிட்டால் மிச்சம் பெருங்குடலுக்குப் போய் வெளியேறிவிடும். பழைய 300 மி.கி.யில் ஒரு பெரும் பங்கு இப்படித்தான் வீணானது. நோயாளி விழுங்கினார், உடலுக்குக் கிடைக்கவில்லை.

உணவோடு சாப்பிட்டால் கூடுதலாகக் கிடைத்தது. கொழுப்பு உள்ளே போனதும் பித்தநீர் சுரக்கும். பித்த உப்புகளும் செரித்த கொழுப்பும் சேர்ந்து மைசெல் என்ற நுண்திரள்களாகி, இந்த மருந்தின் கரைதிறனைப் பல மடங்கு உயர்த்தும். கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் இது தொல்லை. காலையில் சாப்பிடாமல் கிளம்புகிற நாளில் ஒரு அளவு, விருந்து சாப்பிட்ட நாளில் இன்னொரு அளவு என்று ரத்தத்தில் ஏறி இறங்கும். அதுவும் இது கொழுப்பைக் குறைத்துச் சாப்பிடுங்கள் என்று மருத்துவர் சொல்லி அனுப்பும் நோயாளிக்கான மருந்து.

துகளின் கணக்கு

1897ல் நோயஸ், விட்னி என்ற இருவர் பென்சோயிக் அமிலத்தையும் லெட் குளோரைடையும் நீரில் கரைத்துப் பார்த்து ஒரு விதியைச் சொன்னார்கள்: கரையும் வேகம், பூரிதச் செறிவுக்கும் (இனி கரையாது என்ற நிலையில் இருக்கும் அளவு) அந்த நேரத்தில் கரைசலில் இருக்கும் செறிவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. பின்னால் வந்தவர்கள் அதில் பரப்பளவையும், துகளைச் சுற்றி ஒட்டி நிற்கும் அசையாத நீர்ப்படலத்தின் தடிமனையும் சேர்த்தார்கள். பரப்பு கூடினால் வேகம் கூடும், படலம் மெலிந்தாலும் வேகம் கூடும்.

ஃபெனோஃபைப்ரேட்டுக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். 145 மி.கி. மருந்தின் கன அளவு ஏறக்குறைய 0.12 கன சென்டிமீட்டர். எல்லாத் துகள்களும் 100 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விட்டமுள்ள உருண்டைகள் என்று வைத்துக்கொண்டால் மொத்தப் பரப்பு 72 சதுர சென்டிமீட்டர். விரல்களை விட்டுவிட்டு உள்ளங்கை அளவு. 10 மைக்ரானாக்கினால் 720. 300 நானோமீட்டருக்கு, அதாவது 0.3 மைக்ரானுக்குக் கொண்டுபோனால் 24,000 சதுர சென்டிமீட்டர், அதாவது 2.4 சதுர மீட்டர். உள்ளங்கை, வீட்டுக் கதவைவிடப் பெரிதாகிவிடுகிறது. துகள்களின் எண்ணிக்கை சுமார் 2.3 லட்சத்திலிருந்து எட்டரை லட்சம் கோடியாகிறது.

இதோடு முடியவில்லை. சுமார் 30 மைக்ரானுக்குக் கீழே போனால் நீர்ப்படலத்தின் தடிமன் துகளின் ஆரத்தோடு சேர்ந்து குறையத் தொடங்கும். அதாவது துகள் சிறுத்தால் பரப்பும் கூடுகிறது, படலமும் மெலிகிறது, இரண்டு லாபம். அதனால் அந்த வரம்பில் விட்டம் பாதியானால் ஒரு துகள் கரைந்து முடியும் நேரம் கால்பங்காகிறது.

நானோ அளவில் கரைதிறனே பல மடங்கு கூடிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். 300 நானோமீட்டர் அளவில் அந்த லாபம் சொற்பம். பெரிய ஆதாயம் எல்லாம் வேகத்தில்தான்.

காகிதத்தில் சரி, தண்ணீரில்?

ஜெட் மில்லில் (அழுத்தக் காற்றால் துகள்களை மோதவைத்து அரைக்கும் கருவி) அரைத்த ஃபெனோஃபைப்ரேட் தூளைக் கொஞ்சம் எடுத்துத் தண்ணீர் நிரம்பிய பீக்கரில் தூவிப் பாருங்கள். வெள்ளையாக ஒரு ஆடை போல மேலே மிதக்கும். கண்ணாடிக் குச்சியால் அமுக்கினால் உள்ளே போகும்; விட்டதும் சின்னச் சின்ன உருண்டைகளாக மேலே வரும். அந்த உருண்டையை எடுத்து உடைத்தால் உள்ளே தூள் காய்ந்தே இருக்கும். தண்ணீர் தொடவே இல்லை. நான் முதலில் இதைப் பார்த்தபோது அரைத்ததில்தான் ஏதோ தப்பு என்று நினைத்து, இன்னும் நன்றாக அரைத்தேன். உருண்டைகள் இன்னும் கெட்டியாயின.

காரணம் எளிது. நுண்துகள்கள் ஒன்றையொன்று இழுத்து ஒட்டிக்கொள்ளும். சிறுத்த அளவுக்கு ஒட்டும் தன்மை கூடும். இடையிடையே காற்று சிக்கிக்கொள்ளும். தண்ணீரை விரும்பாத பரப்பு என்பதால் தண்ணீர் அந்தக் காற்றைத் தள்ளிவிட்டு உள்ளே நுழையாது. 5 மைக்ரான் துகள்கள் ஆயிரம் சேர்ந்து 50 மைக்ரான் கட்டியாகிவிட்டால் கரைவதும் அந்தக் கட்டியின் வெளிப்பரப்பு அளவுக்குத்தான். மேலே போட்ட அழகான கணக்கெல்லாம் இங்கே அடிவாங்குகிறது.

200 மி.கி.: சேர்த்தே அரைத்தால்

பிரான்ஸின் ஃபூர்னியே நிறுவனம் இதற்குக் கண்ட வழி, மருந்தை சோடியம் லாரில் சல்ஃபேட்டோடு சேர்த்து ஒன்றாக அரைப்பது. சோடியம் லாரில் சல்ஃபேட் ஒரு சர்ஃபாக்டன்ட். ஷாம்பூவிலும் பற்பசையிலும் நுரை வரக் காரணமான அதே வகைப் பொருள். தண்ணீரும் மருந்தும் சந்திக்கும் இடத்தில் நின்று இரண்டையும் சமாதானப்படுத்தும்.

1990ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் மையக் கூற்று. மருந்தை மட்டும் அரைப்பதும், சர்ஃபாக்டன்ட்டைச் சும்மா சேர்ப்பதும், இரண்டையும் தனித்தனியாக அரைத்துக் கலப்பதும் இந்தப் பலனைத் தராது. ஒன்றாக அரைத்தால்தான் தரும் என்கிறது அது. சேர்மானம் ஒன்றே, சேர்த்த வரிசை வேறு, விளைவும் வேறு. ஏன்? ஜெட் மில்லில் அழுத்தக் காற்றின் வேகத்தில் துகள்கள் மோதி உடையும்போது புத்தம்புதுப் பரப்பு வெளிப்படுகிறது. அந்த நொடியிலேயே சர்ஃபாக்டன்ட் பக்கத்தில் இருந்தால் அதில் ஒட்டிக்கொள்ளும். அரைத்து முடித்த பிறகு சேர்த்தால் துகள்கள் ஏற்கெனவே கைகோத்துக் கட்டியாகியிருக்கும். சர்ஃபாக்டன்ட் கட்டியின் வெளியேதான் நிற்க முடியும். அந்தக் காரணத்தை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

இதன் பலனாக 300 மி.கி. செய்த வேலையை 200 மி.கி. காப்ஸ்யூல் செய்தது. உடலுக்குள் போகாமல் வீணான பங்கு குறைந்தது, அவ்வளவுதான்.

அடுத்து வந்த 160 மி.கி. மாத்திரையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நுண்துகளாக்கிய மருந்தைச் சர்ஃபாக்டன்ட்டும் பாலிமரும் கலந்த நீரில் மிதக்கவிட்டு, அதை லாக்டோஸ் போன்ற நீரில் கரையும் குருணையின் மேல் தெளித்து உலர்த்தினார்கள். குருணை கரைந்ததும் துகள்கள் பிரிந்து தண்ணீருக்குள் விழும். ஏற்கெனவே ஒருமுறை நனைந்து உலர்ந்த பரப்பு என்பதால் மறுபடி நனைய அடம்பிடிக்காது. இதுவும் நல்ல யோசனைதான். ஆனால் உணவுப் பிரச்சினை தீரவில்லை: 160 மி.கி. மாத்திரையை உணவோடு சாப்பிட்டால் வெறும் வயிற்றில் கிடைப்பதைவிட ஏறத்தாழ 35 சதவீதம் கூடுதலாக உறிஞ்சப்பட்டது.

145 மி.கி.: நானோவுக்குள்

காற்றில் மோதவைத்து அரைப்பதற்கு ஒரு எல்லை உண்டு. ஓரிரு மைக்ரானுக்குக் கீழே போவது மிகக் கடினம். அதற்குக் கீழே போக வேண்டுமானால் நீரில் வைத்து அரைக்க வேண்டும். ஒரு மூடிய கலத்தில் மருந்துத் தூள், நீர், நிலைநிறுத்தும் பொருள்கள், அதோடு அரை மில்லிமீட்டர் அல்லது அதற்கும் சிறிய கெட்டியான மணிகள். மணிகள் சுழன்று ஒன்றோடொன்று உரசும்போது நடுவில் மாட்டிய படிகம் நசுங்கி உடையும். மணிக்கணக்கில் ஓட வேண்டும். தொடங்கும்போது சாம்பிள் எடுத்தால் அடியில் மண் போலப் படியும். போகப் போகப் பாலைப் போல ஆகிவிடும்; இரவு முழுக்க வைத்தாலும் படியாது. உருகுநிலை 80 டிகிரியை ஒட்டி இருப்பதால் கலத்தைச் சுற்றிக் குளிர்ந்த நீரை ஓடவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சூடு ஏறினால் துகள் மென்மையாகி உடையாமல் பிசையும்.

145 மி.கி. மாத்திரையின் சேர்மானப் பட்டியலை மெதுவாகப் படித்தால் முழுக் கதையும் அதில் இருக்கிறது. ஹைப்ரோமெல்லோஸ்: துகளின் மேல் போர்வை போலப் படிந்து, இரண்டு துகள்கள் நெருங்கவிடாமல் தள்ளி நிறுத்தும் பாலிமர். டாக்யுசேட் சோடியம்: துகளுக்கு எதிர்மின் சுமை கொடுத்து ஒன்றையொன்று விலக்கச் செய்யும் சர்ஃபாக்டன்ட். போர்வை, மின்சுமை என்று இரண்டு காவல்கள். ஒன்று மட்டும் போதாது என்பதை இந்த வேலை செய்பவர்கள் சீக்கிரமே கற்றுக்கொள்வார்கள். சுமாராகக் காவல் காத்தால் சின்னத் துகள்கள் கரைந்து பெரிய துகள்களின் மேல் படிகமாக வளரத் தொடங்கும். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அரைத்த உழைப்பெல்லாம் போயிருக்கும்.

அப்புறம் சர்க்கரை. சுக்ரோஸ் எதற்கு என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். இனிப்புக்கு இல்லை. நானோத் துகள்கள் நீரில் இருக்கும்வரை பிரச்சினை குறைவு, உலர்த்தும்போதுதான் ஆபத்து. நீர் குறையக் குறையத் துகள்கள் நெருக்கப்படும், கடைசித் துளி நீர் போகும்போது ஒன்றோடொன்று இறுகிவிடும். இடையில் சர்க்கரை இருந்தால் அது கெட்டியாகி ஒவ்வொரு துகளையும் தனித்தனியாகப் பொதிந்து வைக்கும். மறுபடி தண்ணீர் பட்டதும் சர்க்கரை கரைந்து, துகள்கள் தனித்தனியாக விடுபடும். சோடியம் லாரில் சல்ஃபேட்டும் இதே வேலைக்குத் துணை நிற்கிறது. இந்தக் கலவையை லாக்டோஸின் மேல் தெளித்து உலர்த்தி, மாத்திரை உடனே உடைய கிராஸ்போவிடோன் சேர்த்து அமுக்கினால் வேலை முடிந்தது.

அமுக்கும்போதும் கவனம் வேண்டும். மாத்திரை உடையாமல் இருக்க வேண்டும் என்று அழுத்தத்தைக் கூட்டினால், மென்மையான இந்த மருந்தின் துகள்கள் உள்ளுக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். கெட்டியான மாத்திரையைப் பார்த்து உற்பத்திப் பிரிவு சந்தோஷப்படும். கரையும் வேகம் படுத்துவிடும்.

இத்தனைக்கும் பலன் கிடைத்தது. 145 மி.கி. மாத்திரையை உணவோடு சாப்பிட்டாலும் வெறும் வயிற்றில் சாப்பிட்டாலும் ரத்தத்துக்கு வரும் அளவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. உணவோடு கொடுத்த ஒப்பீட்டில் அது 200 மி.கி. காப்ஸ்யூலுக்குச் சமமாக நின்றது. பித்தநீரின் உதவி இல்லாமலேயே துகள்கள் நேரத்துக்குள் கரைந்துவிட்டன.

என் பார்வையில் இந்த நெடும் பயணத்தின் உண்மையான வெற்றி இதுதான். 160 என்பது 145 ஆனதால் நோயாளிக்கு ஒரு லாபமும் இல்லை. மாத்திரையில் எழுதிய எண் சிறுத்தது, ரத்தத்தில் இருக்கும் மருந்து அதே அளவுதான். சாப்பிட்டாயா இல்லையா என்ற கேள்வி இல்லாமல் போனது பெரிய விஷயம்.

அளக்கும்போது வரும் பொய்

இந்த மருந்தைக் கரைத்துப் பார்ப்பதிலேயே இரண்டு பொறிகள் இருக்கின்றன. இரண்டிலும் நல்ல அனுபவசாலிகளே விழுந்ததைப் பார்த்திருக்கிறேன்.

முதலாவது, கரைக்கும் நீர். வெறும் தண்ணீரில் இது கரையாது என்பதால் தரச் சோதனையில் சோடியம் லாரில் சல்ஃபேட் கலந்த நீரைப் பயன்படுத்துவார்கள். அதைத் தாராளமாகச் சேர்த்துவிட்டால் பெரிய துகள், சின்னத் துகள், கட்டி எல்லாமே கடகடவென்று கரைந்து, நல்ல பேட்சும் மோசமான பேட்சும் ஒரே கோட்டில் வந்து நிற்கும். எல்லாம் பாஸ். குடலில் மட்டும் பாஸ் ஆகாது. வித்தியாசத்தைக் காட்டும் அளவுக்குக் குறைவாகவும், கரைசல் பூரிதமாகாத அளவுக்கு அதிகமாகவும் வைக்கும் அந்த நடு இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். பித்த உப்பும் லெசித்தினும் கலந்த செயற்கைக் குடல்நீரில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இரண்டாவது, வடிகட்டி. வழக்கமான 0.45 மைக்ரான் வடிகட்டியில் 300 நானோமீட்டர் துகள் சர்வசாதாரணமாக நுழைந்துவிடும். வடிகட்டிய சாம்பிளை, அதில் மருந்து எவ்வளவு என்று அளக்கும் எச்பிஎல்சி கருவிக்கு அனுப்பினால் அதிலுள்ள கரிமக் கரைப்பான் அந்தத் துகளைக் கரைத்துவிடும். கருவி அதையும் ‘கரைந்த மருந்து’ என்றே எண்ணும். ஐந்தாவது நிமிடத்திலேயே நூறு சதவீதம் கரைந்தது என்று அறிக்கை வரும். கரையவே இல்லை, நுழைந்திருக்கிறது. நானோத் தயாரிப்புக்கு 0.1 மைக்ரானோ அதற்கும் நுண்ணிய வடிகட்டியோ வேண்டும்.

வேறு வழிகள் ஏன் முன்னுக்கு வரவில்லை

கரையாத மருந்து என்றதும் இன்று பலருக்கும் முதலில் தோன்றுவது, படிக அமைப்பைக் குலைத்துப் பாலிமருக்குள் பரப்பி வைப்பது. ஃபெனோஃபைப்ரேட்டுக்கு அது சரிப்படவில்லை. படிகமற்ற நிலையில் இதன் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை (இதற்குக் கீழே இருந்தால்தான் பொருள் கண்ணாடி போல இறுகி நிற்கும்) அறை வெப்பத்துக்கு வெகு கீழே, பூஜ்யத்துக்கும் கீழே இருக்கிறது. அதனால் மூலக்கூறுகள் அசைய இடம் இருந்துகொண்டே இருக்கும். அலமாரியில் வைத்த மாத்திரைக்குள் சத்தமில்லாமல் மறுபடி படிகமாகிவிடும்.

ஆனால் அதே தாழ்ந்த உருகுநிலையை லாபமாக்கிக்கொண்டவர்களும் உண்டு. பாலிஎத்திலீன் கிளைக்கால், போலாக்சமர் என்ற மெழுகு போன்ற பாலிமர்களை உருக்கி, அவற்றில் மருந்தைக் கரைத்து லாக்டோஸ் மேல் தெளித்த 120 மி.கி. மாத்திரைக்கு 2007ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மறு ஆண்டு இன்னொரு கோணத்தில் ஒரு மருந்து வந்தது: எஸ்டரையே விட்டுவிட்டு, உடலில் உண்மையில் வேலை செய்யும் ஃபெனோஃபைப்ரிக் அமிலத்தைக் கோலின் உப்பாக்கிக் கொடுத்தார்கள். அமிலம் என்பதால் உப்பாகும், குடலின் பிஎச்சில் கரையும். முப்பது வருடம் துகளோடு போராடிய பிறகு வேதியியல் வழியாகக் கதவைத் திறந்த மாதிரி. இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்ற எண்ணம் எனக்கு வராமல் இல்லை.

தீராத இரண்டு விஷயங்கள்

ஒன்று, வணிகம். அமெரிக்காவில் காப்ஸ்யூலிலிருந்து மாத்திரைக்கும், ஒரு மாத்திரையிலிருந்து இன்னொன்றுக்கும் மாறும்போதெல்லாம் பழைய வடிவம் விலக்கிக்கொள்ளப்பட்டது. மலிவு விலைத் தயாரிப்பாளர்கள் பழைய வடிவத்துக்கு நிகரானதைக் கொண்டுவரும்போது மருத்துவர்கள் புதிய வடிவத்தை எழுதிக்கொண்டிருப்பார்கள். மருந்துக்கடையில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கொடுக்க முடியாது. போட்டியைத் தடுக்கவே இப்படிச் செய்தார்கள் என்று மலிவு விலைத் தயாரிப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2006ல் டெலவேர் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்ய மறுத்தது. எங்கள் துறையின் நல்ல வேலை எதற்கெல்லாம் பயன்படும் என்று யோசிக்க வைத்த வழக்கு அது. உணவுத் தடையை நீக்கிய மாற்றத்தையும், எண்ணை மட்டும் மாற்றிய மாற்றத்தையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு, மருந்தின் பலன். 9,795 நீரிழிவு நோயாளிகளைக் கொண்ட ஃபீல்டு ஆய்வு 2005லும், 5,518 பேரைக் கொண்ட அக்கார்டு லிப்பிட் ஆய்வு 2010லும் வந்தன. இரண்டிலுமே இதய நோயைத் தடுக்கும் முதன்மை இலக்கில் ஃபெனோஃபைப்ரேட் தெளிவான பலனைக் காட்டவில்லை. டிரைகிளிசரைடு குறைந்தது, உண்மை. ஆனால் மருந்து எவ்வளவு நன்றாகக் கரைந்தாலும் கரைந்த பின் அது செய்யக்கூடியது அதன் மூலக்கூறின் எல்லைக்குள்தான். கரையும் வேகத்தைக் கூட்டுகிற எங்கள் வேலை அந்த எல்லைவரை கொண்டுவிடும், தாண்டவைக்காது.

இதே போல ஒன்று கைக்கு வந்தால்

முதலில் தூளைத் தண்ணீரில் தூவிப் பார்ப்பேன், மிதக்கிறதா மூழ்குகிறதா என்று. மிதந்தால் அரைப்பதை நிறுத்திவிட்டு நனைப்பதைப் பற்றி யோசிப்பேன். நானோவுக்குப் போவதாக இருந்தால் அரைத்த அன்று எடுத்த துகள் அளவை அறிக்கையில் எழுதுவதோடு விடமாட்டேன். முடிந்த மாத்திரையை ஒரு பீக்கர் தண்ணீரில் போட்டு, அது உடைந்து விரிந்ததும் மேலே மிதக்கும் பால் போன்ற நீரில் துகள் அளவை மறுபடி அளப்பேன். 40 டிகிரியிலும் 75 சதவீத ஈரப்பதத்திலும் ஆறு மாதம் இருந்த மாத்திரையிலும் அதையே செய்வேன். இந்த எண்கள் எல்லாம் ஒத்துப்போனால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். ஒத்துப்போகாவிட்டால் மில்லைக் குறை சொல்லாமல், உலர்த்திய இடத்திலும் அமுக்கிய இடத்திலும் போய்த் தேட வேண்டும்.